இருபத்தேழாம் எண்ணில் இரண்டு ஊர்

எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியை நேற்று கழுவினார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் மொட்டை மாடியிலிருந்து குழாய் வழியாக இறங்கி, படிக்கட்டு ஓரத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. கதவைத் திறந்தவுடன் அந்த வாடை மூக்கில் ஏறியது. எதிர்வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பழவேற்காட்டில் நாம் வேலை பார்த்த இறால் ஷெட்டின் வாசலில் அடித்துக்கொண்டிருந்த அதே வாடை. உள்ளே நுழைகிற யாராக இருந்தாலும் அந்தத் தண்ணீரில் கையை முக்கிவிட்டுத்தான் போக வேண்டும். உன் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். "பெருநாளைக்கு மருதாணி வெச்சா மூணு நாள்கூட நிக்க மாட்டேங்குதுடி," என்பாய்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது.

நான் காட்டூர்க்காரி. வயல்வேலை பார்க்கிற குடும்பத்தில் தட்டச்சுப் பரீட்சை எழுதிய முதல் ஆள். எழுபதுகளின் கடைசியில் அந்தக் கம்பெனியில் பதிவேடு எழுதச் சேர்ந்தபோது நீ அங்கே ஒரு வருடம் மூத்தவள். எடை மேசையில் இருந்தாய். உன் வாப்பா ஏரியில் கிளிஞ்சல் அள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுக்கிற படகுகள் வைத்திருந்தார். மகள் வேலைக்குப் போவதில் அவருக்குச் சம்மதமில்லை. ஷெட்டில் இருநூறு பேரும் பெண்கள்தான் என்று யாரோ சொல்லி, ஒருநாள் அவரே வந்து வெளியில் நின்று பார்த்துவிட்டு, "சரி, அஸர் தொழுகைக்கு முன்னால வீட்டுக்கு வந்துடணும்," என்று விட்டுவிட்டதாகச் சொன்னாய்.

நமக்குள் நட்பு உண்டானது எப்படி என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஒரே பெஞ்சில் சாப்பிட்டோம். நான் கொண்டுவந்த கேழ்வரகுக் களியை நீ எடுத்துக்கொண்டு உன் தேங்காய்ச் சோற்றைத் தள்ளுவாய். அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து சந்தானம் சார் வந்தார். வெளிநாட்டில் இறால் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள்: இந்தப் பெட்டியில் இருக்கிற இறால் எந்தக் கரையில் பிடித்தது, எப்போது பிடித்தது, உங்கள் கைக்கு வர எவ்வளவு நேரம் ஆனது? கம்பெனியில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பதில் இல்லாமல் இல்லை. ஐந்து இடத்தில் சிதறிக் கிடந்தது. இறால் கரையில் ஊர்ப் பெயரோடு சீட்டில் ஏறும். வேனில் வண்டி எண்ணாக மாறும். நம் எடைப் பதிவேட்டில் கூடை எண். உரித்துத் தரம் பிரித்த பிறகு அது மேசை எண். மெட்ராஸில் உறையவைத்துக் கட்டும்போது பெட்டி எண். ஒரே இறாலுக்கு ஐந்து பெயர். ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி, எழுதுகிறவர்களின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

சந்தானம் சார் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர், சாந்தமாகப் பேசுவார். நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. "பாருங்கம்மா, எல்லாப் பதிவும் ஒரே இடத்துல சேரணும். பழைய ஆறு வருஷத்துதும் சேத்துதான். நாளைக்கு யாரு என்ன கேள்வி கேப்பாங்கன்னு இன்னிக்கு நமக்குத் தெரியாது. அதனால எதையும் வேணாம்னு தூக்கிப் போட்டுடாதீங்க."

நாம் கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு எண்ணாக நிரப்பி பஸ்ஸில் அனுப்ப வேண்டும். மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். மெஷின் அந்த அட்டைகளைப் படித்து, நாம் கேட்டதை அகலமான காகிதத்தில் அச்சடித்துத் தரும். இதற்காக ஷெட்டின் மூலையில் பலகை அடித்து ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. நம் இருவரையும் அங்கே மாற்றினார்கள். உரிக்கிற பெண்கள் நம்மைப் பார்த்து, "காத்தாடிக்குக் கீழ போயிட்டாளுங்கோ," என்று சிரித்தார்கள்.

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. அவர் கெட்டவரில்லை. பதினைந்து வருடமாகக் கையால் எழுதி நடத்திய இடம். "மெஷின் வரட்டும், பாக்கலாம். ஒரு தப்பு வந்தாலும் சரி, பேப்பரை மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பிட்டு உங்க ரெண்டு பேரையும் உரிக்கிற மேசைக்கு அனுப்பிடுவேன்," என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. நான் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறேன் என்பதை என் அப்பா காட்டூரில் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார்.

முதல் வேலை, கரைகளுக்கு எண் கொடுப்பது. ஏரியைச் சுற்றி எங்கெங்கே நமக்காக இறால் எடுக்கிறார்களோ அந்த ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு இலக்கத்தில் ஓர் எண். அந்த வாரம் நீ இல்லை. வாப்பாவின் காலில் கிளிஞ்சல் கிழித்த புண் சர்க்கரையால் ஆறாமல், பொன்னேரி ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தாய். சந்தானம் சார் தேதி குறித்திருந்தார். நான் ஆறு வருடச் சீட்டுகளையும் புரட்டி ஊர்ப் பெயர்களைப் பட்டியல் போட்டேன். அதில் ஓடைக்குப்பம் என்று ஒரு பெயர். இன்னொரு கட்டில் ஓ.குப்பம் என்று இருந்தது. யாரோ அவசரத்தில் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் இருபத்தேழு என்று போட்டேன். நினைத்ததற்கும் போட்டதற்கும் நடுவே ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பட்டியல் கிளம்ப வேண்டிய காலையில் நீ நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாய். தூங்காத கண். சரிபார்த்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து வேண்டும். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"அப்பறம் நான் இன்னாத்தப் பாக்கறது," என்று சொல்லி, உன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்தாய்.

மூன்று மாதம் கழித்து முதல் பெரிய காகிதக்கட்டு வந்தது. ஓரங்களில் துளை போட்டு, மடித்து மடித்து, விரித்தால் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிற்று. எந்தக் கரையில் எவ்வளவு இறால், அதில் எவ்வளவு தலை கறுத்துக் கழிவானது, யார் பொறுப்பு என்று வரிசை வரிசையாக இருந்தது. மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஓட்டிக்கொண்டே வந்தார். இருபத்தேழில் விரல் நின்றது. பத்துக் கூடைக்கு ஒரு கூடை கழிவு, மற்ற எந்தக் கரையிலும் அதில் பாதிகூட இல்லை. பொறுப்பாளர் பெயர் எத்திராஜ்.

எத்திராஜ் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் இருக்கிற ஓடைக்குப்பத்தில் நம் கம்பெனிக்கு இறால் எடுத்துக் கொடுத்தவர். மீன்பிடிக்கிற குடும்பம். அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே துழாவிப் பிடித்துக்கொண்டு வருகிற இறாலை எடைபோட்டு, ஐஸ் பரப்பி வேனில் ஏற்றுவது அவர் வேலை. சாலை ஓரத்து ஊர். வேன் தினமும் போகும். ஐஸுக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் கறுத்த இறால் வருகிறது என்றால் ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று மேனேஜர் முடிவு செய்தார். முதல்நாள் மீந்ததைப் புதியதோடு கலக்கிறார்.

"இத்தன நாளா எங்கேந்து கழிவு வருதுன்னு தலையைப் பிச்சுக்கிட்டேன். மெஷின் ஒரு வரியில சொல்லிடுச்சு," என்றார். அந்தக் காகிதத்தை அவர் மரியாதையோடு தொட்டதை அன்றுதான் பார்த்தேன். எத்திராஜை நிறுத்துகிற கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். அந்தக் கரையில் இனி இறால் எடுப்பதில்லை என்று ஒரு வரி அதில் இருந்தது. நீ அதைப் படித்துவிட்டு, "எத்திராஜ் அண்ணனா?" என்று மட்டும் கேட்டாய். காகிதத்தில் இருந்ததே.

பத்து நாள் போயிருக்கும். காலை பத்து மணிக்கு ஒரு பெண்மணி நம் பலகை அறை வாசலில் வந்து நின்றாள். எத்திராஜின் மனைவி நாகம்மா. சேலையில் ஏரிச் சேறு காய்ந்திருந்தது.

"நீங்கோதான் எழுதற பொண்ணுங்களா?"

"ஆமா. உள்ள வாங்க, உக்காருங்க," என்றாய்.

"நிக்கறேன். எங்க ஆளு பழசக் கலந்தாருன்னு உங்க காயிதத்துல கீதாமே. எந்த நாளு கலந்தாரு? அத்தச் சொல்லு. அன்னிக்கு எவ்ளோ எறா வந்துச்சு, யார் யார் பிடிச்சுக்கினு வந்தாங்கோ, எல்லாம் எனக்குத் தெரியும். நாளச் சொல்லு, நான் கேட்டுக்கினு போறேன்."

அவள் சத்தம் போடவில்லை. ஊரில் படகு தள்ளுகிற இடத்தில் எத்திராஜ் போய் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது என்றாள். பெண்கள் பிடித்ததை எடுக்க ஆளில்லாமல் பாதியை மணலில் காயப்போடுகிறார்கள் என்றாள். அவர் எட்டு நாளாக வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

காகிதத்தில் நாள் இல்லை. மொத்தம் மட்டும்தான் இருந்தது. அதனால் நீ பழைய சீட்டுக் கட்டுகளை இறக்கினாய். தலை கறுத்த இறால் வந்த நாட்களைத் தரப் பதிவேட்டில் பார்த்து, அதே நாட்களின் கரைச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாய். எத்திராஜின் சீட்டுகளில் எடை மேசையில் குறித்திருந்த கூடை எண்கள் எல்லாம் முதல் தரத்தில் ஏறியிருந்தன. கழிவாக ஏறிய கூடை எண்கள் வேறு சீட்டில் இருந்தன. ஓ.குப்பம் என்று எழுதிய சீட்டில்.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய். "இது திட்டு மேல இருக்கிற ஓடைக்குப்பம்டி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல. அங்க வேன் போகாது. படகுலதான் வரும்."

ஒரே பெயரில் இரண்டு ஊர். அது தெரிந்த பழைய எழுத்தர் நம் துறையில் சீட்டு எழுதும்போது, குழப்பம் வராமல் இருக்கத்தான் திட்டு ஊரைச் சுருக்கி எழுதியிருக்கிறார். அங்கே கம்பெனிக்குப் பொறுப்பாளர் கிடையாது. அதனால் இருபத்தேழு என்ற எண்ணோடு ஒட்டிக்கொள்ள இருந்த ஒரே பெயர் எத்திராஜ்.

நாகம்மாவிடம் நீதான் பேசினாய். "அவர் கலக்கலை. எழுதுனதுல தப்பு. நாங்க மேனேஜராண்ட சொல்றோம்."

"எழுதுனது யாரு?" என்றாள்.

நீ, "நாங்கதான்," என்றாய்.

அவள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாளைக்கே சொல்லிவிடலாம் என்றாய். சந்தானம் சார் வெள்ளிக்கிழமை வருவார், அவர் வந்த பிறகு சொல்லலாம் என்றேன். வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். அடுத்த வாரமும் வரவில்லை. பதினோரு நாள் நான் அப்படித் தள்ளினேன். ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் கிடைத்தது. மேனேஜர் இன்று கோபமாக இருக்கிறார், இன்று சரக்கு போகிற நாள், இன்று அவர் ஊரில் இல்லை.

நீ என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நீ திட்டவில்லை. காலையில் வந்ததும் சீட்டுக் கட்டை இறக்கி மேசையின் இரண்டு பக்கமும் பிரித்து வைப்பாய். ஆறு வருடத்துச் சீட்டுகள். இந்தப் பக்கம் சாலை ஊர், அந்தப் பக்கம் திட்டு ஊர். ஒவ்வொன்றுக்கும் தரப் பதிவேட்டில் தேடி, பக்கத்தில் எழுதி, அடுத்தது. சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேச்சில்லை. கோபம் என்று நினைத்தேன். ஒருநாள் தாங்காமல், "இப்ப எதுக்கு இதெல்லாம் செய்யற?" என்று கேட்டேன்.

"நீ போய்ச் சொல்றப்போ, அப்ப எது சரின்னு கேப்பாங்க. கையில பதில் இருக்கணும்ல?"

நானாகச் சொல்வேன் என்று அவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தாய்.

பன்னிரண்டாம் நாள் சந்தானம் சார் வந்தார். மேனேஜர் அறையில் நான்கு பேர். மின்விசிறி ஓடுகிற சத்தத்தில் என் குரல் கேட்குமா என்று இருந்தது.

"சார், அந்த இருபத்தேழாம் நம்பர்..." என்று ஆரம்பித்தேன்.

என்னை முடிக்க விடாமல் நீ பேசினாய். "அதுல ரெண்டு ஊரு ஒண்ணா விழுந்திருக்கு சார். எத்திராஜ் அண்ணன் அனுப்புன எறா சுத்தம். கறுத்ததெல்லாம் திட்டுலேந்து வந்தது. லிஸ்டை நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுது."

அதற்குப் பிறகுதான் நான், "எழுதுனது நான் சார்," என்றேன்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு சந்தானம் சாரைப் பார்த்து, "அப்போ உங்க மெஷின் பொய் சொல்லியிருக்கு. நான் ஒரு மனுஷனை வேலையை விட்டு நிறுத்தியிருக்கேன்," என்றார்.

"மெஷினா ஒண்ணும் சொல்லல சார். ரெண்டு ஊரை ஒண்ணுன்னு நாம சொன்னோம். அது கூட்டிக் குடுத்துச்சு. பேரை மட்டும் பாத்து எண் குடுக்கச் சொன்னது நான். அது என் தப்பும்தான்."

"எல்லாத்தையும் நிறுத்திடுங்க. பழைய நோட்டே போதும்."

அப்போது நீ உன் இரண்டு கட்டுகளையும் மேசைமேல் வைத்தாய். "பழைய நோட்டுலதான் சார் இது ஆறு வருஷமா இருந்துச்சு. யாரும் பிரிச்சுப் பாக்கல," என்றாய். திட்டு ஊர் இறால் வருடம் முழுக்கக் கெட்டுப்போகவில்லை. சித்திரை, வைகாசியில் தெற்குக் காற்று படகை எதிர்த்து அடிக்கிற நாட்களில் மட்டும்தான் கறுத்திருந்தது. காலையில் கிளம்புகிற படகு அந்த மாதங்களில் மத்தியானம் கழிந்துதான் நம் துறைக்கு வரும். அதில் ஐஸ் கிடையாது. நீ அதைச் சொன்னபோது மேனேஜர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். மூன்றாவது சீட்டிலேயே அவர் இதை நிறுத்தப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் தங்கை மகன் இப்போது எங்களோடுதான் இருக்கிறான். ஒரு பெரிய கம்பெனியின் பழைய தகவல்களையெல்லாம் புது இடத்துக்கு மாற்றிச் சேர்க்கிற வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறான். போன மாதம் யாரிடமோ, "பேரு ஒண்ணு, தெரு ஒண்ணு, ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிடலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்துபோய், "போன் போட்டுக் கேட்டியா?" என்றேன். "பெரியம்மா, லட்சக்கணக்குல இருக்கு," என்றான். நான் விடவில்லை. என் தொல்லை தாங்காமல் அந்த ஒன்றை மட்டும் விசாரித்தான். ஒரே ஆள்தான். இரண்டு நாள் அதைச் சொல்லியே சிரித்தான்.

எத்திராஜ் வீட்டுக்கு நாம் இருவரும்தான் போனோம். மேனேஜர் கடிதம் கொடுத்தார், நேரில் வரவில்லை. எத்திராஜ் வாசலில் வலையைப் பரப்பி அறுந்த கண்ணியைக் கோத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய மகள் கதவருகே நின்றாள். நான் முழுவதையும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"இந்த ஏரியில எங்க ஊரு பேர்ல இன்னொரு ஊரு கீதுன்னு துடுப்புப் பிடிச்சவன் எல்லாருக்கும் தெரியும்மா. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

"தப்புதாண்ணா," என்றாய்.

"எனக்குச் சொன்னா பத்தாது. அங்க, படகாண்ட வந்து சொல்லணும்."

மகள், "நைனா, அவங்கள உள்ள கூப்பிடு," என்றாள். அவர் கூப்பிடவில்லை. அது சரிதான்.

மறுநாள் காலை படகுகள் கரைக்கு வருகிற நேரத்தில் அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று சொன்னேன். எத்திராஜ் எதையும் கலக்கவில்லை, ஊர்ப் பெயரை மாற்றி எழுதியது நான் என்று. மூன்றே வாக்கியம். ஒரு கிழவர், "அட, அவ்ளோதானா," என்று சொல்லிவிட்டுப் படகிலிருந்து வலையை இறக்கப் போனார். நீ என் பக்கத்தில் நின்றாய். முக்காட்டின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாய்.

எத்திராஜ் திரும்ப வேலைக்கு வரவில்லை. "எனக்கு வேணாம். அவளக் கேளு," என்றார். நாகம்மா ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. சீட்டு இரண்டு பிரதி எழுத வேண்டும், ஒன்று ஊரிலேயே இருக்கும். மகள் எழுதினாள், நாகம்மா எடை போட்டாள். பின்னால் எல்லாக் கரைகளுக்கும் அந்த ஏற்பாடே வந்தது.

அதன் பிறகு சந்தானம் சார் பெயர்ப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு நம்மை ஏரி சுற்ற அனுப்பினார். ஒவ்வொரு கரைக்கும் போங்கள், நின்று பாருங்கள், தண்ணீரிலிருந்து இறால் ஏறுகிற நேரத்தையும் நம் ஷெட்டுக்கு வருகிற நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள் என்றார். வாப்பா எப்படிச் சம்மதித்தார் என்று எனக்குப் புரியவில்லை. "அவரே எங்க கிளிஞ்சல் படகுல ஏத்தி அனுப்பறார். வேற எவன் படகுலயும் போகக் கூடாதாம்," என்றாய். இரண்டு மாதம். ஏரியில் உனக்குத் தெரியாத ஊர் இல்லை என்று நினைத்திருந்தேன். பாதி ஊரை நீயும் அப்போதுதான் பார்த்தாய். திட்டு ஓடைக்குப்பத்தில் ஒரு பெண் நம்மை உட்காரவைத்து வறுத்த நண்டு கொடுத்தாள். அவர்கள் இறால் கெட்டுப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. படகு போன பிறகு என்ன ஆகிறது என்று அவர்களிடமும் யாரும் சொன்னதில்லை. அடுத்த சித்திரைக்கு அந்தப் படகில் ஐஸ் பெட்டி ஏறியது. புதிய காகிதத்தில் இருபத்தேழு, அறுபத்தொன்று என்று இரண்டு வரி வந்தபோது, இரண்டிலும் கழிவு நூறு கூடைக்கு ஒன்றிரண்டுதான் இருந்தது. மேனேஜர் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

அப்புறம் எனக்குத் திருமணமாகி மெட்ராஸ் வந்தேன். சந்தானம் சார் சொல்லி அந்தக் கம்ப்யூட்டர் நிலையத்திலேயே வேலை கிடைத்தது. நீ அனுப்புகிற தாள்கள் சில நாள் என் மேசைக்கே வரும். ஓரத்தில் பென்சிலால், 'சாப்ட்டியா?' என்று எழுதியிருப்பாய். துளை போடுகிற பெண் அதற்கு எந்தக் கட்டம் என்று என்னிடம் கேட்டாள். கம்பெனி மூடிய பிறகு அதுவும் நின்றது. வருடத்துக்கு ஒரு பெருநாள், ஒரு பொங்கல், இரண்டு போன் என்று ஆயிற்று. நம் கடைசிப் பேச்சில்கூட உன் மூட்டுவலியும் என் கண் ஆபரேஷனும்தான்.

உன் வீட்டுக்கு நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்னறை முழுக்கப் பெண்கள். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் நடுவில் உட்காரவைத்தாள். "இவங்கதான் அந்த ஆன்ட்டி. உம்மா எப்பவும் சொல்லும். பதினோரு நாள் பயந்துகினு இருந்துட்டு, அப்பறம் மேனேஜருக்கு முன்னாடி தானாப் போய் நின்னு, நான்தான் எழுதுனேன்னு சொன்னாங்கோ. எங்களுக்கு ஏதாவது தப்பு பண்ணிட்டு பயமா இருந்தா, உம்மா இவங்க கதையத்தான் சொல்லும்," என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

உன் பேரப்பிள்ளைகள்வரைக்கும் அந்தக் கதை போயிருக்கிறது. அதில் ஓர் இடம் சரியில்லை.

அன்று மேனேஜர் அறைக்குள் போவதற்கு முந்தின நாள் பஸ்ஸில், காட்டூர்வரைக்கும் நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "சார், அந்த இருபத்தேழாம் நம்பர் நான் எழுதுனதுதான், ஆனா சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது அவங்க. கரையெல்லாம் தெரிஞ்சதும் அவங்களுக்குத்தான்." இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருந்தது. மறுநாள் அறையில் நான் ஆரம்பித்தது அந்த வாக்கியத்தைத்தான். முதல் நான்கு சொல்லைச் சொல்லிவிட்டேன். மீதி நாக்கில் இருந்தது. நீ குறுக்கே பேசி உன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, எனக்கு மிஞ்சியது, எழுதுனது நான் என்பது மட்டும்தான். அதைச் சொன்னேன்.

நீ தெரிந்துதான் குறுக்கே வந்தாயா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நீ பிள்ளைகளுக்குச் சொன்ன விதத்தைக் கேட்ட பிறகு, உனக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். கேட்க வேண்டிய ஆள் இப்போது இல்லை. அந்த வாக்கியத்தின் மீதி மட்டும் என்னிடம் இருக்கிறது, ஒரு சொல் குறையாமல்.